நிக்கானோர் நேரம்

பரானா ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் சால்வியா துறையில், படகுச் சீட்டுக் கிழிக்கிற நிக்கானோர் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது ஊரில் யாரும் அவ்வளவாகப் பதறவில்லை. வரிசையில் நின்றவர்கள் சீட்டை நீட்டினார்கள், சீட்டு அந்தரத்தில் இரண்டாகக் கிழிந்தது, பாதி அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது, "வலது பக்கமா ஏறுங்க, இடது பக்கம் கோழிக்கூடை" என்று வழக்கமான குரலும் வந்தது, ஆகவே அவர்கள் வலது பக்கமாக ஏறி அக்கரைக்குப் போய்விட்டார்கள். பதறியவள் ஒருத்திதான். அவள் அந்த நேரம் துறையிலேயே இல்லை. ஒலெகாரியா தன் வீட்டு அடுப்படியில், அணைத்த அடுப்பை மூன்றாம் முறையாக அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்த பால்காரியிடம், "எந்த நிக்கானோர்?" என்று கேட்டாள், ஊரில் ஒரே ஒரு நிக்கானோர்தான் உண்டு என்று நன்றாகத் தெரிந்திருந்தும்.

அவளுக்குப் பதினொரு வயதில் அம்மா இறந்துபோனாள். நீண்ட வகுத்தல் கணக்கு பாதியில் நிற்க, பள்ளிக்கூடம் நின்றது. மூன்று வயதுத் தம்பி எவரிஸ்தோ அவள் இடுப்பில் ஏறிக்கொண்டான். இடுப்பிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அவன் படம் போட்டான், மாவுச் சாக்கில் போட்டான், மீன் பெட்டியில் போட்டான், சாப்பிடக் கூப்பிட்டால் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பலகையின் அடிப்பக்கத்தில் போட்டான். பதினான்கு வயதில் படகுகளுக்குப் பெயர் எழுதினான், இருபத்திரண்டில் தலைநகரத்தின் 'கலங்கரை' வார இதழுக்கு ஒரு சித்திரக்கதை வரையத் தொடங்கினான். ஆற்றுக்கு அடியில் மூழ்கிப்போன ஊரைத் தேடி வாரம் தவறாமல் சேற்றை அள்ளிக்கொண்டே இருக்கிற ஒரு கேப்டனின் கதை. 'கேப்டன் சேறு' என்று அதற்குப் பெயர்.

வேலை அடுப்படி மேஜையில் நடந்தது. எவரிஸ்தோ கெட்டியான பென்சிலை அழுத்தி, எதிரியைக் குத்துகிறவன் போல அட்டையில் கோடு போடுவான், அப்புறம் பேனாவாலும் தூரிகையாலும் அந்தக் கோட்டின் மேல் மை ஏற்றுவான். மை காய்ந்த பிறகு அடியில் இருக்கிற பென்சில் கோட்டை அழிப்பது ஒலெகாரியாவின் வேலை. அதற்கு இரண்டு நாள் பழசான ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து உருண்டையாக்கி வைத்திருப்பாள். ரப்பர் போட்டால் மை மங்கும், ரொட்டிக்கு மை மங்காது. அழித்து முடித்த சாம்பல் நிறத் துகளைக் கூட்டிக் கோழிகளுக்குப் போடுவாள். வியாழன் மதியம் ஒரு மணிப் படகில் பக்கம் எண்ணெய்த்துணியில் சுற்றித் தலைநகருக்குப் போகும். படகு போய்விட்டால் அந்த வாரம் கேப்டன் இல்லை. கேப்டன் இல்லாத வாரம் ஒன்று வந்தால் இதழில் அவன் இடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று ஒலெகாரியா வியாழன்தோறும் காலையிலிருந்தே வாசலுக்கும் மேஜைக்கும் நடையாக நடப்பாள்.

ஊருக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. கடைசிக் கட்டத்தில் எப்போதும் துறைமேடை வரும், கேப்டனின் படகைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும், அந்தக் கூட்டத்தின் வலது ஓரத்தில் வாரம் ஒரு ஊர்க்காரரை எவரிஸ்தோ அச்சு அசலாக நிறுத்துவான். யார் முறை எப்போது என்று கசாப்புக் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை இதழ் வந்ததும் ஊரே கதையை விட்டுவிட்டு ஓரத்தைத்தான் பார்க்கும். நிக்கானோரின் முறை நாற்பது வாரம் தள்ளிப்போனது. நகரத் தலைவரின் மைத்துனி குறுக்கே வந்தாள், கால்நடை மருத்துவர் குறுக்கே வந்தார், இறந்துபோகிற நிலையில் இருக்கிறேன் என்று சொல்லிக் குறுக்கே வந்த ரொட்டிக்கடைக்காரர் படம் வந்த மறுநாளே எழுந்து நடந்தார். ஒருவழியாக முறை வந்தபோது நிக்கானோர் முடிவெட்டிக்கொண்டு, அவருடைய மனைவி எர்மீனியா இஸ்திரி போட்ட சீருடையில், புதன்கிழமை மூன்று மணி நேரம் அடுப்படி முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் அசைந்தது.

"உன் தம்பி பெரிய ஆளா வரப்போறான், ஒலெகாரியா. தலைநகரத்துல சிலை வைப்பாங்க பாரு," என்றார்.

"உங்க வாய் முகூர்த்தம் நல்லா இருக்கட்டும், தோன் நிக்கானோர்," என்றாள் அவள், மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் அழைக்கிற ஊர் வழக்கப்படி.

"வச்சதும் நீயும் போவியே, சிலைக்கு அடியில ரொட்டித்தூள் கூட்ட."

எவரிஸ்தோ சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய்க் கொல்லையில் துணி உலர்த்தினாள், காய்ந்த துணியையே மறுபடியும் உலர்த்தினாள்.

மறுநாள் வியாழன். இரண்டு இரவு தூங்காத எவரிஸ்தோ பதினொன்றரைக்குப் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, எல்லாம் முடிஞ்சது. ஓரத்துல நிக்கானோருக்கு மட்டும் மை போடணும், பென்சில்ல நிக்கிறார். கண் எரியுது. அரை மணியில எழுப்பு," என்று சொல்லி நாற்காலியிலேயே சாய்ந்தான். அவள் மற்ற கட்டங்களின் பென்சில் கோடுகளை அழித்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததால் படகுக்காரன் அன்று முன்கூட்டியே கிளம்புகிறான் என்று பன்னிரண்டு மணிக்கே சங்கு ஊதியது. தம்பியின் வாய் திறந்திருந்தது, விரல்கள் தூக்கத்திலும் பேனாவைப் பிடிப்பதுபோல மடங்கியிருந்தன. எழுப்பினால் அவன் நிக்கானோருக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான், பொத்தானுக்குக்கூடத் தனி நிழல் போடுவான். ஒலெகாரியா அவனை எழுப்பவில்லை. ரொட்டி உருண்டையை எடுத்து நாலு தடவை இழுத்தாள். சீருடை போனது, தொப்பி போனது, கடைசியாக அந்த வாய் போனது. துகளைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, பக்கத்தைச் சுற்றிக்கொண்டு துறைக்கு ஓடினாள். அங்கே அவளிடமிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிப் படகில் வைத்தவர் நிக்கானோர்தான். "பத்திரமாப் போகும், கவலைப்படாத. நானும் உள்ளே இருக்கேன்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தெரியாமல் போனவர் அன்று மாலையே தெரிந்தார். சூரியன் ஆற்றுமட்டத்துக்கு இறங்கி வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, துறைமேடைத் தூணுக்கு அருகில் காற்றிலேயே ஒரு வடு போல அவர் மெல்ல மேலெழுந்து வந்தார். அழுத்தி எழுதிய தாளைக் கிழித்துவிட்டால் அடுத்த தாளில் எழுத்தின் பள்ளம் தெரியுமே, அப்படி. தொப்பியின் விளிம்பு, மூக்கு, பொத்தான் வரிசை எல்லாம் நிறமில்லாமல், மேடும் பள்ளமுமாக. ஒன்றரை மணி நேரம் அப்படி நின்றார், இருட்டியதும் போனார், மறுநாள் விடியலில் வெளிச்சம் சாய்ந்து வந்தபோது மறுபடியும் ஒன்றரை மணி நேரம் வந்தார்.

மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, விளக்கைத் தரையில் வைத்துப் பரிசோதித்து, கல்லீரல் கொஞ்சம் வீக்கம், மற்றபடி ஆள் நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தார். பாதிரியார் பதினோரு மணிப் பூசையில் அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று ஒரு வாரம் யோசித்து, ஆறு மணிப் பூசைக்கு மாற்றிவிட்டார். படகு நிர்வாகம் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில், ஊழியர் வேலைநேரத்தில் இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது, தெரியவேண்டும் என்று எங்கும் இல்லை. எர்மீனியா வீட்டு விளக்குகளையெல்லாம் கொக்கியிலிருந்து கழற்றிச் சுவரோரம் தரையில் வைத்தாள். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்குகளைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகினார்கள். மேற்கு வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்று துறைத் தெருவில் மாடி கட்ட நகரசபை தடை போட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாய்ந்த வெளிச்ச வேளைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. "நிக்கானோர் நேரத்துக்கு வா, பேசிக்கலாம்" என்றார்கள், "நிக்கானோர் நேரம் தாண்டிப் பொண்ணு வெளியில சுத்தக்கூடாது" என்றார்கள். அந்த வெளிச்சத்தில் சுவரின் விரிசலும் முகத்தின் அம்மைத் தழும்பும் தெளிவாகத் தெரிந்ததால், வீடு வாங்குகிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் அந்த வேளையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றங்கரை ஊரில் ஈரம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர் மறைந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, இதழ் வந்தது. ஓரம் காலியாக இருந்தது. கசாப்புக் கடையில் கூட்டம் அதைப் பார்த்துவிட்டு நிக்கானோரைப் பார்க்கத் திரும்பியது, மதிய நேரமானதால் அவர் அங்கே இருக்கிறாரா என்று தெரியவில்லை. எடைத்தராசுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "சரி, அடுத்த வாரம்."

அடுத்த வாரம் இதழாசிரியரின் கடிதம் வந்தது. அந்தக் காலி ஓரத்தைப் பற்றி அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இத்தனை நெரிசலான கூட்டத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடத்தை வெறுமையாக விட இந்த நாட்டில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை என்றும், ஓவியர் உடனே புறப்பட்டுத் தலைநகருக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். எவரிஸ்தோ கடிதத்தை இரண்டு தடவை படித்தான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைப் படகில் போனான். அத்தோடு பட்டியலும் நின்றது.

அவன் தலைநகரத்தில் கேப்டனை முடித்துவிட்டு வேறு கதைகள் வரைந்தான், குழந்தைப் புத்தகங்களுக்கு வரைந்தான், தபால்தலைக்கும் தீப்பெட்டிக்கும் நாடகச் சுவரொட்டிக்கும் வரைந்தான், எதை வரைந்தாலும் எங்கேயோ ஒரு ஆள் அளவு இடத்தை வெறுமையாக விட்டான், வெறுமைதான் அவன் கையெழுத்து என்று ஆனது. பிறகு சிப்பாய்களின் ஆட்சி வந்தது. ஆட்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை, அவர்களைப் பற்றி எழுதவும் முடியவில்லை, அந்த நாட்களில் எவரிஸ்தோவின் பக்கங்களைப் பார்த்தவர்கள் அந்தக் காலி இடங்களில் தங்கள் ஆட்களைப் பார்த்தார்கள். தாய்மார்கள் அவனுக்குக் கடிதம் எழுதினார்கள்: என் மகனின் இடத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். இதழ் மூடப்பட்டது, அவன் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனான், அங்கே பரிசுகள் கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் முதலான அந்தப் பக்கத்தை ஒரு சேகரிப்பாளர் வாங்கித் தடித்த கண்ணாடிக்குள் இறுக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். இதையெல்லாம் ஒலெகாரியா வானொலியில் கேட்டாள், கேட்கும்போது கை தன்னால் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் அழித்தேனா, கோபத்தில் அழித்தேனா? அவசரம் என்றால் அது படகுக்காரன் சங்கு ஊதியதால் வந்த வினை. கோபம் என்றால் அது அவளுடையது. சில நாள் அவசரம் என்று படும், அன்று தூங்குவாள். துறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அக்கரையில் பல்வலிக்கு வைத்தியர் இருந்தார். அவள் பல்லைப் பிடுங்காமலே முப்பது வருடம் வலியை வைத்துக்கொண்டாள்.

அந்த முப்பது வருடத்தில் நிக்கானோர் நேரம் சுருங்கியது. ஒன்றரை மணி ஒரு மணியானது, ஒரு மணி அரை மணியானது. நிர்வாகம் அவருக்கு ஓய்வு கொடுக்க நினைத்தும் முடியவில்லை, கடிதத்தை நேரில் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பது விதி, அதிகாரியோ நண்பகலில்தான் வருவார். ஆகவே அறுபத்தெட்டு வயதிலும் சீட்டுகள் அந்தரத்தில் கிழிந்தன, முன்னைவிட மெதுவாக. ஏன் சுருங்குகிறது என்று ஊருக்குத் தெரியவில்லை. ஒலெகாரியாவுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குள் இறுக்கி வைத்த அட்டையில், பென்சில் அழுத்திய பள்ளம் தட்டையாகிக்கொண்டிருந்தது.

சந்தையில் ஒருநாள் பூசணிக்காய்க்கு முன்னால் அவள் எர்மீனியாவைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். மணிக்கட்டில் விளக்கு எண்ணெயின் கறை.

"எப்படி இருக்கார், தோன்யா?" என்று கேட்டுவிட்டு ஒலெகாரியா கேட்டிருக்கவேண்டாம் என்று நினைத்தாள்.

"நேத்து சாயங்காலம் ஒரு கோப்பை மாத்தே இலைத்தண்ணி உறிஞ்சிக் குடிக்கிற நேரம்தான் வந்தார். அதுலயும் கை மட்டும்தான் பாத்தேன். மூஞ்சி வரல." எர்மீனியா பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள். "குரலும் மெலிஞ்சுகிட்டே வருது. ராத்திரி கூப்பிட்டா, எங்கிருந்து பேசறார்னு தெரியாம விளக்கை வச்சுகிட்டு வீடு பூராவும் தவழறேன். இந்தக் காய் முத்தலா இளசா, நீயே பாரு."

ஒலெகாரியா வீட்டுக்கு வந்து முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தானே ஒரு கடிதம் எழுதினாள், வரி கோணிக்கொண்டு போனது: தம்பி, உனக்கு இங்கே மண்டபம் கட்டிப் பெயர் வைக்கிறார்கள், வரமாட்டேன் என்று சொன்னாயாம், வா, வரும்போது அந்த முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா.

எவரிஸ்தோ வந்தான். தலை நரைத்து, கோட்டுப் பைக்குள்ளேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தான். அறுபது பக்கங்கள் புதிய மண்டபத்தின் சுவர்களில் ஏறின, நடுவில் அந்தப் பக்கம், அதோடு அதைக் காவல் காக்கச் சேகரிப்பாளர் அனுப்பிய ஒரு மீசைக்காரர். திறப்பு விழா அன்று மதியம், சாப்பிட்டுவிட்டு ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற இரண்டு மணிக்கு, மீசைக்காரரும் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு விடுதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவும் தம்பியும் மண்டபத்துக்குள் போனார்கள். அவள் கூடையில் மைப்புட்டியும் பேனாவும் ஒரு விளக்கும் இருந்தன.

"நான் அவரை அழிச்சேன்," என்றாள் ஒலெகாரியா. உட்காரக்கூட இல்லை. "நீ தூங்கிட்டிருந்த. எழுப்பாம அழிச்சேன்."

"தெரியும், அக்கா."

"எப்பத்திலேர்ந்து?"

"இதழ் வந்த அன்னைக்கே. பொத்தான் அஞ்சு போட்டது எனக்கு ஞாபகம் இல்லாமலா போகும்?" அவன் தன் பக்கத்தைப் பார்க்கவில்லை, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன்கிட்ட கேக்கத்தான் இருந்தேன். அதுக்குள்ள அந்தக் கடிதம் வந்துடுச்சு. கேட்டா, கடிதத்துல எழுதினது பொய்யாயிடும். அந்தத் தாய்மாருங்க எழுதினப்ப எல்லாம், பதில் போட உக்காந்து, போடாம எழுந்துருவேன். எத்தனை பேர் தெரியுமா? நானூத்தி சொச்சம்."

"இப்ப மை போடு. பள்ளம் இன்னும் கொஞ்சம் இருக்கும்."

"இதுக்கு மை போட்டா இந்தப் பக்கம் செத்துது. இது என்னுதுகூட இல்ல, வித்தாச்சு."

"போடாட்டா அவர் செத்தார்."

எவரிஸ்தோ கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தான். இரண்டு கையும் காற்றில் சிக்கிய காகிதம் போல நடுங்கின. "மூணு வருஷமா இப்படி. கையெழுத்துகூட வேற ஆள்தான் போடறான். நீ போடு."

"நானா? எனக்கு அழிக்கத்தானேடா தெரியும்."

"அழிச்ச கைக்குத்தான் வழி தெரியும். நான் விளக்கைப் பிடிக்கிறேன். நடுங்கினா பரவால்ல, வெளிச்சம்தானே."

சமையல் கத்தியால் சட்டத்தின் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். அட்டையை மேஜையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்ததும், வெள்ளை ஓரத்தில் நிக்கானோர் வந்தார், முடிவெட்டிய கழுத்தோடு, இஸ்திரி மடிப்போடு, மெல்லியதாக, மூச்சு பட்டால் போய்விடுவார் என்பதுபோல. ஒலெகாரியா பேனாவை மையில் தோய்த்தாள். தொப்பியில் தொடங்கினாள். கோடு நேராகப் போகவில்லை, பள்ளத்துக்குள் விழுந்தும் ஏறியும் கோணிக்கொண்டு போனது. மூக்கு கொஞ்சம் தடித்தது. ஒரு பொத்தான் மேல் மை சொட்டியது. வாயைப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள நிறுத்தினாள். இடது காது இருந்த இடத்தில் எந்தக் கோணத்தில் விளக்கைத் தாழ்த்தியும் பள்ளம் தெரியவில்லை, கண்ணாடி அதை முழுக்க அழுத்திவிட்டிருந்தது.

"ஒரு காது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா, வலது காதைப் பாத்துப் போட்டுடட்டுமா?" என்றாள்.

"தெரியாததைப் போடாத, அக்கா. இத்தனை வருஷம் நான் பண்ணினது போதும்."

ஐந்து மணிக்கு, மேளக்காரர்கள் மண்டப வாசலில் வாத்தியங்களுக்குச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தபோது, துறைத் தெருவிலிருந்து நிக்கானோர் நடந்து வந்தார். வெளிச்சம் இன்னும் சாயவில்லை. நல்ல வெயிலில், கறுத்த கோடுகளால் ஆன முழு ஆளாக வந்தார், எர்மீனியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டால் திரும்பவும் எங்கேயாவது போய்விடுவாரோ என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒலெகாரியாவின் கை நடுங்கிய இடமெல்லாம் அவர் முகத்தில் சுருக்கமாக விழுந்திருந்ததால், முப்பது வருடம் வயதானவராகவே இருந்தார், ஒருவரும் வித்தியாசம் பார்க்கவில்லை. சீருடையில் ஒரு பொத்தான் மட்டும் மற்றதைவிடப் பெரிது. மேளம் தானாகவே முழங்கியது. எங்க ஊர்ப் பிள்ளை வந்தான், வந்த காலோடு தோன் நிக்கானோரைக் கூட்டி வந்துவிட்டான் என்று நகரத் தலைவர் எவரிஸ்தோவைக் கட்டிப்பிடித்தார்.

உள்ளே மீசைக்காரர் அந்தப் பக்கத்தின் முன்னால் நின்று, தலையில் கைவைத்துக்கொண்டு, யார் இதைச் செய்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒலெகாரியா வாயைத் திறந்தாள். அதற்குள் எவரிஸ்தோ, "நான்தான் போட்டேன். என் படம், என் மை," என்றான். மறுநாள் வானொலி அதைச் சொன்னது. கிழவனின் கை கெட்டுப்போய்விட்டது, தன் தலைசிறந்த பக்கத்தைத் தானே பாழாக்கிவிட்டான், அந்தக் காலி இடம் ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே ஒரு தற்செயல்தானோ என்று தலைநகரத்து அறிஞர்கள் பேசினார்கள். எவரிஸ்தோ அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துச் சிந்திச் சிந்திக் குடித்துக்கொண்டே அதைக் கேட்டான். "நல்லா சொல்றாங்க," என்றான். ஊரிலோ அவனுக்கு நன்றி சொல்ல வாசலில் வரிசை நின்றது, முட்டையும் தேனும் கொண்டுவந்தார்கள். எர்மீனியா ஒரு முழுப் பூசணிக்காய் கொண்டுவந்து ஒலெகாரியாவிடம் கொடுத்து, "உன் தம்பியைப் பெத்த வயிறு உன் வயிறு இல்லைன்னாலும், வளத்த இடுப்பு உன் இடுப்புதானே," என்று அவள் கன்னத்தில் முத்தமிட்டாள்.

அந்த முத்தத்தை வைத்துக்கொண்டு ஒலெகாரியாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. அடுப்பை அணைத்தாள், ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள், முப்பது வருடம் போகாத துறைக்கு நடந்தாள். நண்பகல். சந்தை நாளானதால் வரிசையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தபோது நிக்கானோர் ஒரு கூடைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல், பக்கத்தில் நின்று, தொப்பிக்குக் கீழே இடது கன்னத்தைப் பார்த்துச் சொன்னாள், முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் திரும்பவில்லை. கூடைக்காரியின் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவளைக் கவனித்தார். "வா ஒலெகாரியா. ஏதாவது சொன்னியா? அந்தப் பக்கம் எனக்குக் காது இல்ல. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

மறுபக்கம் மூன்று அடி தூரம். அந்தப் பக்கம்தான் வரிசை நின்றது. அவள் போனாள். மெதுவாகச் சொன்னால் படகு இயந்திரத்தின் சத்தத்தில் கேட்காது.

"நான்தான் உங்களை அழிச்சேன், தோன் நிக்கானோர். என் தம்பி இல்ல. அவன் மை போடறதுக்கு முன்னாடி நான் ரொட்டியால அழிச்சேன். படகு போயிடும்னு அவசரம் இருந்துச்சு." நிறுத்தினாள். வரிசையில் பேச்சு நின்றது. "அவசரத்துல அழிக்கல. கோபத்துல அழிச்சேன்."

நிக்கானோரின் கண்கள், அவள் பேனா இரண்டு முறை தொட்டுவைத்த இரண்டு புள்ளிகள், அவள் மேல் நின்றன. "என்ன கோபம்? நான் என்ன பண்ணினேன்?"

"சிலைக்கு அடியில ரொட்டித்தூள் கூட்டப் போவேன்னு சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?" அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஞாபகமே இல்ல."

அவருக்கு ஞாபகம் இல்லை என்பது அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடியாக விழுந்தது. அவர் கத்தவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவள் சீட்டை வாங்கினார், கிழிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அவள் முழங்கையைப் பிடித்துத் தன் இடது பக்கத்துக்கு நகர்த்தி நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் வர்றவங்க பேசறது ஒண்ணும் எனக்குக் கேக்க மாட்டேங்குது. காலையில ஒருத்தர் ஆட்டை ஏத்தலாமான்னு கேட்டிருக்கார், நான் தலையாட்டிட்டேன், இப்ப படகு பூரா ஆடு. நீ இங்க நின்னு கேட்டு எனக்குச் சொல்லு. உள்ளதை உள்ளபடி சொல்லு."

அவள் நின்றாள். வெயில் நேராகத் தலைமேல் விழுந்தது, ஒளிவதற்குத் தூணின் நிழல்கூட இல்லை. வரிசை மறுபடியும் நகர்ந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த எர்மீனியா எப்போதிலிருந்து அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. இடது பக்கமாக வந்தாள், ஒலெகாரியாவின் முகத்துக்கு நேரே நின்று, கொடுத்த முத்தத்தைத் திரும்பப் பிடுங்குகிற ஒரு வாக்கியத்தைத் தணிந்த குரலில் சொன்னாள், தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்று கேட்டார் நிக்கானோர்.

ஒலெகாரியா அவருடைய வலது காதுக்குப் போய், ஒரு சொல்லும் மாற்றாமல், தன்னைப் பற்றி எர்மீனியா சொன்னதைச் சொன்னாள். பிறகு இடது பக்கத்துக்குத் திரும்பி வந்து, அடுத்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்க நின்றாள்.